கெடு தவறாதவன்

இந்த விசாரணை அறையின் கடிகாரம் கொஞ்சம் பின்தங்கி ஓடுகிறது, ஐயா. யாரிடமாவது சொல்லிச் சரிசெய்துவிடுங்கள்.

என் தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளின் ஆண்டறிக்கையையும் கணக்கையும் கம்பெனிப் பதிவாளரின் இணையதளத்தில் கெடுவுக்குள் தாக்கல் செய்பவன் நான். கடைசி நாளில் மற்றவர்களெல்லாம் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு ஓடுவார்கள். நான் ஒரு கெடுவைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆபீசில் என் பட்டப்பெயரே 'கெடுக்காரர்'. கேலிதான், ஆனாலும் உள்ளுக்குள் எனக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பெயரைக் கெடுக்கக்கூடிய ஒரே ஆள் என் அத்தான். அக்காவின் கணவர். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி வைத்திருந்தார். கையெழுத்து கேட்டால், "பாத்துக்கலாம் மச்சான், கம்பெனி எங்க ஓடிடப்போகுது?" என்பார். இந்த முறையும் கடைசி நாள் மதியம்தான் வந்தார். மாடி ஏறி வந்தவர் முகமெல்லாம் வேர்வை. உட்கார்ந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், என்னமோ பண்ணுது. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"இதோ அத்தான், ஓடிபி மட்டும் வந்துடட்டும்."

அக்காவும் அந்தக் கம்பெனியில் இயக்குநர். தாமதமானால் அவள் பெயருக்கும் நோட்டீஸ் வரும். அவளுக்காகத்தான் யோசித்தேன்.

கடைசி நாளில் அந்த இணையதளம் நத்தை மாதிரி ஊரும். கையெழுத்துக்குப் பதிலாக அத்தான் போனுக்கு வந்த முதல் ஓடிபி எண்ணை அடிப்பதற்குள் காலாவதியாகிவிட்டது. மறுபடி கேட்டேன். அதற்குள் போன் பூட்டிக்கொண்டது. அவர் கட்டைவிரலை எடுத்து வைத்தேன், திறக்கவில்லை. விரல் ஈரம். என் சட்டையில் துடைத்துவிட்டு வைத்ததும் திறந்தது. "மச்சான்..." என்றார். அப்புறம் தலை சாய்ந்துவிட்டது. நான் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மின்விசிறியைக்கூட அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

இறந்தவர் கையெழுத்து செல்லாது. அதனால் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் எண்ணை அடித்துப் பொத்தானை அழுத்தினேன். ஒப்புகை வந்ததும் அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் வரும்போது நாடி நின்றிருந்தது.

"நீயாவது பக்கத்துல இருந்தியேடா" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை. அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்த ஈர விரல்தான் கைக்குள் வருகிறது. சரியாகத் தூங்கி நாளாகிறது, ஐயா.

நீங்கள் அடுத்துக் கேட்கப்போவது தெரியும். ஆமாம், கெடுவை ஒரு மாதம் நீட்டித்த அறிவிப்பு அன்று காலையிலேயே வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டுத்தான் அத்தானைப் போனில் கூப்பிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. நீட்டிப்பெல்லாம் சோம்பேறிகளுக்கு. என் அத்தானை அந்தக் கூட்டத்தில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.