மாவு டின்னில் சாய்ந்திருந்த போன்

— செல்லக்கிளி, இது உன் போன்தானே? மாவு டின்னுல சாச்சு வச்சிருந்தத இப்பத்தான் எடுத்துட்டு வர்றேன்.

— என்னுதுதான் மொதலாளி.

— கேட்டுலயே போனைக் குடுத்துட்டுத்தான் உள்ள வரணும்னு எழுதி ஒட்டியிருக்கேனா இல்லையா?

— ஒட்டிருக்கீக. எழுத்துகூட நல்லாருக்கு.

— கிண்டலா? கேளும்மா. போன வருஷம் மலையாண்டி போனைப் பாத்துக்கிட்டே முறுக்குப் பிழியுற மிஷின்ல கையக் குடுத்தான். ஆறு தையல். அதுக்கப்புறம் போட்ட ரூலு இது. சூப்பர்வைசர் நீயே மீறுனா மத்தவங்க கேப்பாங்களா? இன்னியோட வேலையவிட்டு நின்னுக்க.

— மொதலாளி, ஒரே ஒரு நிமிசம். போன வாரம் ஒடிசாப் புள்ள சபிதா அடுப்புக்கிட்ட நின்னு என்னமோ கத்துச்சு. ஒருத்தருக்கும் வெளங்கல. இந்தப் போனத்தான் அது வாய்கிட்ட நீட்டுனேன். ‘கேஸ் நாத்தம் அடிக்குது’ன்னு போனு தமிழ்ல மாத்திச் சொல்லுச்சு. ஓடிப்போயி சிலிண்டர மூடுனேன்.

— அய்யய்யோ! என்கிட்ட ஏம்மா சொல்லல?

— சொன்னா, எந்தப் போனுன்னு கேப்பீகள்ல?

— சரி. கேஸ் டியூபை இன்னிக்கே மாத்திடுறேன். பேச்சு மாத்திச் சொல்றதுக்குன்னு கம்பெனி செலவுலயே ஒரு போன் வாங்கி வைக்கிறேன். வேலையப் பத்திச் சொன்னத மறந்துடு. ஆனா கேளும்மா, இன்னிக்கு யாரும் கத்தலையே. இன்னிக்கு எதுக்குப் போனு?

— அது வந்து... கல்யாணப் பேச்சு மொதலாளி. என் தம்பி அருண்பாண்டிக்கும் சபிதாவுக்கும்.

— லோடு ஏத்துற அருண்பாண்டியா! அவன் வாயவே தொறக்கமாட்டானே!

— அவன் எங்க பேசுனான்? அம்புட்டும் இந்தப் போனுதான பேசுச்சு.

— ஹஹ்ஹஹ்ஹா! அட கூத்தே! ஹஹ்ஹா... சரி, பொண்ணு வீட்ல என்ன சொல்றாங்க?

— அம்மாக்காரிக்கு ஒரே கவல. ‘எம்மக வேல பாக்குற எடத்தக் காட்டு, மொதலாளி எப்பிடிப்பட்ட ஆளுன்னு பாத்துட்டுத்தான் சம்மதம் சொல்லுவேன்’னுட்டாக. அதான் வீடியோவுல பின்பக்கக் கேமராவப் போட்டு, எடத்தக் காட்டிக்கிட்டிருந்தேன். நீங்க வந்து வெடுக்குன்னு எடுத்துட்டீக.

— சொல்லியிருந்தா நல்ல சட்டை போட்டு வந்திருப்பேனேம்மா! இப்பக் கூப்புடு, நானே பேசுறேன்.

— கூப்புட வேணாம் மொதலாளி, லயனு இன்னும் கட்டாகல. நீங்க போன் திரைய என் பக்கம் நீட்டிப் பிடிச்சிருக்கீக, பின்பக்கக் கேமரா உங்களத்தான் காட்டுது. வஞ்சதையும் பாத்தாக, வயிறு குலுங்கச் சிரிச்சதையும் பாத்தாக. அந்தா, தலையாட்டுறாக... சம்மதமாம்!