அசையாத தரை

மரத்தளத்தின் மேல் டைல்ஸ் ஒட்டுவதற்கு அவசரப்படக் கூடாது, ஷெரீஃப். முக்கால்வாசிப் பேர் நிறம், பூவேலை என்று கடையிலேயே சொக்கிப்போய்விடுகிறார்கள். அடியில் இருக்கும் பலகை மயிரிழை அசைந்தாலும் மேலே டைல் விரிசல் விடும். அந்த விஷயத்தில் நான் கறார்.

டுலூத்தில் எங்கள் வீடு முழுக்க மரம். குளியலறை மாடியில், அதற்கு நேர் கீழே சாப்பாட்டு அறை. என் மனைவி மார்லிஸின் அண்ணன் டுவேன், அவர் மனைவி துரத்திவிட்டதும், ரெண்டு நாள் தங்கிப் போகிறேன் என்று வந்தார். இரண்டு குளிர்காலம் போயிற்று. வார்ப்பிரும்புத் தொட்டியை வழிய வழிய நிரப்பி மதியம் முழுக்க ஊறுவார். பாடவும் செய்வார். என் வீட்டில் குளிக்க நான் முறை வைத்துக் காத்திருந்தேன். எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

கிளம்பச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நீங்களும் மின்னசோட்டாக்காரர்தானே? விருந்தாளியிடம் அப்படிச் சொல்லும் வழக்கம் நமக்கு உண்டா? அதிகம் போனால் முழங்காலைத் தட்டிக்கொண்டு, “சரி... அப்புறம்...” என்று எழுந்து நிற்கலாம். நானும் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

“கால் வலியா மாப்ளே? சுடுதண்ணில ஊறுங்க, சரியாப் போயிடும்,” என்றார் டுவேன்.

இந்த வசந்தத்தில் குளியலறைத் தரையைப் பெயர்த்தேன். பழைய பலகைகள் ஊறி உப்பியிருந்தன. தொட்டி நிற்கும் இடத்தில், பலகையைத் தாங்கும் உத்தரக்கட்டைகள் இரண்டும் இத்துப்போயிருந்தன. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது. அவற்றுக்குத் துணையாக அணைத்து போல்ட் போடப் புதுக் கட்டைகள் வாங்கி வந்தேன்.

டுவேன் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். “அடியில இருக்கிறத எவன் பாக்கப் போறான்? மேல பலகைய அடிச்சு மூடுங்க மாப்ளே. நான் எப்பக் குளிக்கிறது?”

மூத்தவர் பேச்சை நான் தட்டியதில்லை. புதுக் கட்டைகளைக் கொட்டகையில் வைத்துவிட்டேன்.

மற்றதை முறைப்படி செய்தேன். பிளைவுட் பலகைகளுக்கு நடுவே மரம் உப்ப இடம் விட்டேன். நெருக்கமாக ஸ்க்ரூ முடுக்கினேன். கலவை பரப்பி அதன் மேல் சிமெண்ட் பலகை பதித்தேன். டைல் ஒட்டி, சாந்து காயும்வரை யாரையும் கால் வைக்க விடவில்லை. அதற்கெல்லாம் முன்பு, இத்துப்போன உத்தரங்களில் மட்டும் கொஞ்சம் ரம்பம் போட்டேன். நீங்கள் கண்டுபிடித்த அறுப்பு அதுதான். நேராக அறுத்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள்.

மார்லிஸ் சர்ச்சில் சேர்ந்திசைப் பயிற்சிக்குப் போன சமயம், கீழே சாப்பாட்டு மேசையைச் சமையலறைக்கு நகர்த்தி வைத்தேன். அது அவள் அப்பா செய்த மேசை. பிறகு மாடிக்குப் போய், “முதல் குளியல் உங்களுக்குத்தான் மச்சான்,” என்றேன்.

எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாம் முறை வாங்கிக்கொள்வதுதான் நம் ஊர் மரியாதை. டுவேன் என்றுமே முதல் தடவையிலேயே கை நீட்டிவிடுவார். அன்றைக்குப் பார்த்து அவருக்கு மரியாதை வந்துவிட்டது.

“ஐயோ, வேண்டாம் மாப்ளே. பாடுபட்டது நீங்க. நீங்க குளிங்க.”

“பரவால்ல மச்சான், நீங்க போங்க.”

“எனக்கே வெக்கமா இருக்கு மாப்ளே. இத்தன நாள் உங்கள ரொம்பப் படுத்திட்டேன். டவுன் பக்கம் வாடகைக்கு ஒரு அறை பாத்திருக்கேன். திங்கக்கிழமை கிளம்பிடறேன்.”

இரண்டு முறை மறுத்துவிட்டார். மூன்றாம் முறை கேட்காமல் விட்டால், ஒப்புக்குச் சொன்னேன் என்று நினைத்திருப்பாரே. அதனால் கேட்டேன். துண்டையும் எடுத்துக் கொடுத்தேன்.

உத்தரங்களை அறுத்ததும் நான், டுவேனைக் கொன்றதும் நான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். தொட்டி விழுந்த இடம் போக, மற்ற டைல்களில் ஒரு கீறல்கூட இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் விருந்தாளியைப் பிடிக்காமல் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு நாளாவது அவரிடம் முகம் கோணியிருக்கிறேனா, மார்லிஸையே கேளுங்கள்.