நீலக் கயிறு கட்டின நண்டு

—குனிஞ்சு குனிஞ்சு தேடாதய்யா. பாக்கறவங்களுக்கு எதையோ தொலச்ச மாரி தெரியும். நிமிந்து நட.

—நிமிந்து நடந்தா தரையில போற நண்டு எப்டி பானு கண்ணுல படும்?

—மெதுவா! அந்த வார்த்தைய வாயில எடுக்காதன்னு எத்தினி தபா சொல்றது? காத்து ஊருக்குள்ள அடிக்குது. யார்னா வந்து இன்னா தேடறீங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவ?

—கோழின்னு சொல்றேன்.

—கோழியே இல்லாத வூட்ல தேவேந்திரன் கோழி தேடறான்னு ஊரே சிரிக்கும். பேசாம வா. மொதல்லேர்ந்து சொல்லு. எங்க வெச்சு கட்டுன, எந்த வழியா போன?

—நம்ம வூட்டு குளிக்கிற தட்டி மறைப்புல உக்காந்துதான் கட்டுனேன். நீ பாப்பாவாண்ட அசந்து தூங்கினு இருந்த. கோணியில போட்டு தோள்ல தூக்கினு இந்த சந்து வழியா சவுக்குத் தோப்புக்குப் போனேன். கம்பெனி ஆளு பைக்ல வந்து நின்னான். அவுத்துப் பாத்து ஒண்ணு கொறையுதேன்னான். கோணியத் திருப்புனா அடியில ஓட்ட.

—ஓட்டக் கோணியில நண்டு தூக்கினு போற ஆம்பள இந்த ஏரிய சுத்தி நீ ஒருத்தன்தான்யா.

—நல்ல கோணிய எடுத்திருந்தா காணோமேன்னு நீ கேட்டிருப்ப.

—கயிறு? பனநாருதானே? யோவ், பனநாருலதான் கட்டுனேன்னு சொல்லு.

—நீலக் கயிறு.

—போச்சு.

—அவன் குடுத்த கயித்துலதான் கட்டணும்னான். இல்லன்னா எடுத்துக்க மாட்டேன்னுட்டான்.

—போச்சு. தெய்வமே, எல்லாம் போச்சு. பனநாரா இருந்தா சந்தைக்குக் கட்டுனது, வழியில வுழுந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம். கொடுக்குல நீலக் கயித்தோட ஒண்ணு ஊருக்குள்ள நடந்து போனா அது கம்பெனிக்குப் போற நண்டுன்னு கைக்கொயந்தைக்குக் கூட தெரியும்.

—கொடுக்க மட்டுந்தான் கட்டுனேன் பானு. காலக் கட்டல. அதான் நடக்குது.

—அதுக்கு உன்னப் பாராட்டணுமா? அந்த ஒரல நவுத்திப் பாரு. அடியில.

—இல்ல. வெறும் மண்ணு.

—ஊரே முழங்கால் தண்ணியில எறங்குனோம். ஏரித் தண்ணிய உள்ளங்கையில அள்ளிக்கினு சத்தியம் பண்ணோம். கம்பெனி ஐஸ் வேணாம், கம்பெனி வல வேணாம், கம்பெனிக்கு ஒரு மீனு கூட போவக் கூடாது, பேங்கு வாசல மிதிக்கக் கூடாதுன்னு. என் பக்கத்துலதான் நின்ன. நீயும்தான் அள்ளுன.

—அள்ளுனேன். எங்க நைனா சத்தியமா, மனசாரத்தான் அள்ளுனேன்.

—அப்பாலிக்கா இன்னா ஆச்சு அந்த மனசுக்கு?

—அப்பாலிக்கா பாப்பாவுக்கு இழுத்துச்சு.

—அத ஏன்யா இப்ப ஞாபகப்படுத்தற.

—முந்தாநாளு ராத்திரி பூரா அவ நெஞ்சு உள்ள போயி போயி வருது. ஊதற மருந்து டப்பா காலி. நீ மடியில போட்டு முதுகத் தடவினே கெடந்த. வல நம்மளே முடிஞ்சுக்கறோம், உப்பு நம்மளே காச்சிக்கறோம், கருவாடு போட்டு ஆரம்பாக்கத்துல நம்மளே வித்துக்கறோம், எல்லாம் சரி. அந்த டப்பாவ நம்ம ஊர்ல யாரு செய்வா?

—ஊர்ப் பொட்டில கேட்டிருக்கலாமே. பேங்குல கெடந்தத எல்லாம் எடுத்து, அதுக்குன்னுதானே அந்தப் பொட்டிய ஆரம்பிச்சோம். என் தோடு கூட அதுலதான் கீது.

—உன் தோட்ட வித்து பஞ்சு நூலு வாங்கியாச்சு, வல முடியறதுக்கு. இப்ப பொட்டில நெல்லும் கருவாடும்தான் கீது. பணம்னா சனிக்கெழம சந்த முடியணும். அதுவரைக்கும் மூச்சு வுடாம இருன்னு பாப்பாகிட்ட சொல்றதா?

—எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்.

—சொல்லியிருந்தா நீ வுட்டிருக்க மாட்ட.

—எளாவூர்ல தெரிஞ்சவன் கடையில மருந்த கடன் சொல்லி வாங்குனேன்னு பொய் சொன்னியே. நானும் நம்பிக்கினு, அவன் நல்லா இருக்கணும்னு கும்பிட்டேன்யா. முகந் தெரியாத கடக்காரனுக்கு.

—பாப்பா இப்ப தூங்குது பாத்தல்ல? வாயத் தொறந்துனு, நிம்மதியா. எனக்கு அது போதும்.

—எனக்கும் போதும். ஆனா பயமா கீதுய்யா. ரஞ்சித்து வூட்டு நெலம மறந்துட்டியா? ஒரே ஒரு பொட்டி ஐஸு வாங்குனான், கம்பெனி வண்டியில. அவ்ளோதான். ஒரு வருசத்துக்கு வல எறக்கற மொற, பாடு கெடையாது. முகத்துவாரத்தாண்ட அவன் வல எறக்க முடியாது. ஊத்துல அவன் பொண்டாட்டிக்குத் தண்ணி கெடையாது. வயித்துப் புள்ளயோட ரோட்டாண்ட போய் கொடம் தூக்கினு வரா.

—அவன் பொண்ணு நம்ம பாப்பா கூட வெளையாட வந்துச்சு ஒரு நாளு.

—தெரியும்.

—நீதான் பாப்பாவ உள்ள கூப்ட்டு கதவ சாத்துன.

—தெரியும்னு சொன்னேன்ல.

—பெரியவங்க எல்லாம் ஒரு மொற பாடு தள்ளி வெச்சா போதும்னாங்க. ஒரு வருசம்னு எழுந்து நின்னது யாரு பானு?

—நான்தான். நான்தான்யா! இப்ப அத சொல்லித்தான் ஆவணுமா? நாளிக்கு நம்ம வூட்டுக் கோணியில ஓட்ட வுழும்னு அன்னிக்கு எனக்குத் தெரியுமா? எங்கம்மா காலம் பூரா கம்பெனி லாரி முன்னாடி கூடையோட நின்னா. அவன் சொன்னதுதான் வெல, அவன் போட்டதுதான் எட. மொத மொத ஆரம்பாக்கம் சந்தயில நம்ம மீனுக்கு நானே வெல சொன்னேன் பாரு, அன்னிக்கு பஸ்ல வரசொல்ல அழுதுட்டேன். சந்தோசத்துல. பக்கத்து சீட்டு பொம்பள, உன் புருசன் செத்துட்டானான்னு கேட்டா. அது ஒடஞ்சிடக் கூடாதேன்னுதான் அவ்ளோ கண்டிப்பா நின்னேன்.

—உன்ன தப்பு சொல்லல. உஷார், யாரோ வராங்க.

—யாரு?

—மாரி. கெழக்கால வரான்.

—சிரி.

—எப்டி சிரிக்கறது இப்ப?

—பல்லக் காட்டுய்யா, அது போதும். இன்னா மாரிண்ணே, சாப்ட்டாச்சா? … பாத்தியா? பாத்தியா நீ?

—இன்னா?

—பதிலே சொல்லாத போறான். தலையத் தொங்கப் போட்டுக்கினு, துண்டால கையில எதையோ மூடிக்கினு, விறுவிறுன்னு. நம்ம மொகத்தப் பாக்கவே அவனுக்குப் புடிக்கல. தெரிஞ்சுடுச்சுய்யா. அவன் பாத்துட்டான், புடிச்சு துண்டுல சுத்திக்கினான், நேரா கோயிலுக்குத்தான் எடுத்துனு போறான்.

—கோயிலு இந்தப் பக்கம் கீது. அவன் அந்தப் பக்கமா போறான்.

—சுத்திக்கினு போவான்! இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாரும் கங்கையம்மன் கோயிலாண்ட கூடப் போறாங்க, பாடு சீட்டு எடுக்க. இன்னிக்குன்னு பாத்தா இது நடக்கணும்? சீட்டு போடறதுக்கு முன்னாடி ஒருத்தன் அந்த நீலக் கயித்த தூக்கிக் காட்டுனா நம்ம பேரு சீட்டக் கிழிச்சுடுவாங்க. அப்பாலிக்கா எங்க வல கட்டுவ? இன்னாத்தத் துன்றது?

—சுண்ணாம்புக்குளம், எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடலாம்.

—அவங்க தண்ணியில உன்ன வல எறக்க வுட்டுடுவாங்களா? ரெண்டு நாளு சோறு போடுவாங்க, மூணாவது நாளு உங்க அண்ணி தட்ட நங்குன்னு வெப்பா. இல்லய்யா. கெடைக்கலன்னா ஒண்ணு பண்ணலாம்.

—இன்னா?

—அவன் குடுத்த கயிறு மிச்சம் கீதா?

—கொஞ்சம் கீது. எதுக்கு?

—அத எடுத்தாந்து ரஞ்சித்து வூட்டு வேலியில போட்டுடு. அவன்தான் ஏற்கனவே மாட்டுனவன். நண்டும் அவனுதுன்னுதான் நெனைப்பாங்க.

—பானு!

—சொல்லல. நான் சொல்லலய்யா. பயத்துல வாயி ஒளறுது. கங்கையம்மா, இந்த வாயி அழுவிப் போவட்டும். அவன் பொண்டாட்டி மாசமா கீறா.

—அழாத. மூஞ்சத் தொடச்சுக்கோ. இரு இரு… சத்தம் கேக்குதா?

—இன்னா சத்தம்?

—சரசரன்னு. தோ, அந்த வெறகு அடுக்குல.

—ஐயோ, அது கோவிந்தம்மா அத்த வூட்டு வெறகுய்யா! எத்தினி வூடு கீது, போயும் போயும் ஊர்ப் பொட்டி சாவி வெச்சுக்கீற பொம்பள வூட்லயா பூரணும்? அன்னிக்கு தண்ணியில எறங்கி மொத கைய அள்ளுனதே அதுதான். நம்மள உயிரோட உப்புக்கண்டம் போட்டுடும்.

—கதவு சாத்திக் கீது. ஆளு இல்ல போல. நீ வேலியாண்ட நின்னுக்கோ, நான் கைய வுட்டு எடுக்கறேன்.

—சீக்கிரம். சீக்கிரம்யா.

—கட்டித்தான் கீது, கடிக்காது… வா வா… தோ! வந்துடுச்சு. நீலக் கயிறு! கெடச்சுடுச்சு பானு!

—கங்கையம்மா! தாயே! உனக்குப் பொங்க வெக்கறேன். குடு, முந்தானையில மூடிக்கறேன். வூட்டுக்குப் போனதும் கயித்த அறுத்து அடுப்புல போட்டுடலாம். வா, போலாம். இன்னா அப்டியே நிக்கற?

—அதத் திருப்பிக் காட்டு.

—எதுக்கு? யாருனா வரப் போறாங்க.

—அடிவயித்தப் பாரு. எவ்ளோ அகலமா கீது. இது பொட்ட நண்டு.

—இருந்துட்டுப் போவட்டும், அதனால இன்னா?

—நேத்து என் வலையில வுழுந்தது எல்லாமே ஆம்பள நண்டு. ஒண்ணு கூட பொட்ட இல்ல. இது நம்மளுது இல்ல பானு.

—டபாய்க்காதய்யா. நீலக் கயிறு கட்டிக் கீது. நம்மளுது இல்லன்னா வேற யாருது?

—உள்ள இன்னும் சத்தம் கேக்குது. இரு… அடியில கூடை ஒண்ணு கீது. மேல ஈரக் கோணி மூடிக் கீது. ஐயோ, வந்து பாரு. கூடை பூரா நண்டு. எல்லாத்துக்கும் நீலக் கயிறு.

—யாரு அது? என் வெறகாண்ட யாரு?

—அத்தே! நான்தான்… நாங்க சும்மா… கோழி ஒண்ணு…

—பானுவா? ஐயோ. பானுவா அது?

—தப்பா நெனைக்காத அத்தே, நாங்க எதையும் தொடல…

—முந்தானையில இன்னாடி அசையுது? பாத்துட்டியா. எடுத்துட்டியா. முடிஞ்சுது என் கத. கண்ணு, பானு கண்ணு, உன் காலப் புடிச்சுக்கறேன்.

—அத்தே! இன்னா பண்ற நீ, எழுந்திரு! யோவ், அத்தையத் தூக்குய்யா!

—எழுந்திரு அத்தே. மண்ணுல போய் வுழறியே.

—நீயாச்சும் உன் பொண்டாட்டிக்கு எடுத்து சொல்லு தேவேந்திரா. என் கண்ணாடி ஒடஞ்சு போச்சுப்பா. கண்ணாடி இல்லாம ஊசியில நூலு கோக்க முடியல. நூலு கோக்கலன்னா வல எப்டி முடியறது? நம்ம வலைய நம்மளே முடியணும்னு எல்லாரும் சொல்றீங்க, கண்ணாடி ஏரியிலயா மொளைக்குது? எம் மவன் பால்ராஜு ரெண்டு தபா புடிச்சுக் குடுத்தான். இதோட நிறுத்திக்கறோம். கூட்டத்துல சொல்லிடாத கண்ணு. ஒரு வருசம்னு சொல்லிடாத. இந்த வயசுல ரோட்டாண்ட போய் கொடம் தூக்கினு வர எனக்கு இடுப்புல தெம்பு இல்ல.

—நான் எதுக்கு அத்தே சொல்றேன்…

—சொல்லிடு பானு. நம்மளும்தான்னு சொல்லிடு.

—சும்மா இருய்யா.

—கெழவி கையெடுத்து கும்புடுது பாரு. சொல்லு.

—அத்தே… நாங்களும் வித்தோம்.

—இன்னாது?

—பாப்பாவுக்கு மருந்து இல்ல. இவரு விடிகாலயில கம்பெனி ஆளுக்குக் குடுத்துட்டாரு. அதுல ஒண்ணு தப்பிச்சு ஊருக்குள்ள ஓடிக்கினு கீது. அதத் தேடினுதான் வந்தோம். யாரு பாத்தாலும் பரவால்ல, உன் கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாதுன்னு ரெண்டு பேரும் உயிரக் கையில புடிச்சுக்கினு வேலியோரமா வந்தோம். உனக்கு அவ்ளோ பயந்தோம் அத்தே.

—எனக்கா?

—உனக்குத்தான்.

—எனக்கா பயந்த? அடிப் பைத்தியமே! மாரி விக்கலியா? எதுத்தூட்டு கஸ்தூரியம்மா விக்கலியா? உன் வாசலத் தாண்டசொல்ல எவளாச்சும் தலையத் தூக்கறாளா பாத்தியா? ஊரே உனக்குத்தான்டி பயந்துக்கினு கெடக்குது.