குமுதா கேட்காத கேள்வி

நானூறு பெண்கள் உள்ள ஒரு வாட்ஸாப் குழுவை நடத்திப் பாருங்கள் இன்ஸ்பெக்டர், எனக்கு ஏன் இவ்வளவு களைப்பு என்று புரியும். காலையில் கண்ணைத் திறந்தால் நூறு குட்மார்னிங் பூக்கள். அதற்கு நடுவில் இரண்டு பேர் சண்டை. தீர்த்து வைக்க டோரதி அக்கா, அதாவது நான், வரவேண்டும். தேநீர் வேண்டாம், தண்ணீர் போதும்.

குழுவைத் தொடங்கியது நான்தான். சாந்தினி எழுதி இயக்கும் தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகைகள் நாங்கள். அவருடைய முதல் தொடரில், அடிக்கிற கணவனை விட்டு ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். அழமாட்டாள், வசனம் பேசமாட்டாள், பஸ் ஏறிவிடுவாள். அதைப் பார்த்த மறுவாரம் நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. என் கணவர் பீட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்றைக்கு அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதே நான்தான். சாந்தினி எனக்கு யார் என்று கேட்டால் இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

குமுதாவும் அந்தத் தொடரைப் பார்த்துத்தான் பையைத் தூக்கினாள். சுங்கை பாக்காப்பில் கணவன் மோகனராஜை விட்டுவிட்டு, தாசேக் கெலுகோரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அவள் இருக்கும் இடம் குழுவில் எனக்கு மட்டும்தான் தெரியும். வருடக் கடைசியில் சாந்தினி கையெழுத்துப் போட்ட காலண்டரை எல்லாருக்கும் தபாலில் அனுப்புவது என் வேலை. அதற்காகத்தான் முகவரி கொடுத்தாள். என்னை நம்பினாள், எனக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது.

பிறகு இந்தப் புதிய தொடர் வந்தது. கணவன் மனைவியை அறைக்குள் பதினோரு நாள் பூட்டி வைக்கிறான். கதவு திறந்ததும் அவள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். அதோடு அந்த வாரம் முடிந்தது. குழு இரண்டாகப் பிளந்தது. சாந்தினி ஆணாதிக்கத்தைத் தோலுரிக்கிறார் என்றார்கள் சிலர். முடிவு வரட்டும், அதுவரை பொறுங்கள் என்றார்கள் சிலர். பெண்ணியம் பேசிப் பேர் வாங்கியாகிவிட்டது, இனி எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் போலிருக்கிறது என்று கிளாரிஸ் எழுதினாள். அவள் கல்லூரிப் பெண், அப்படித்தான் எழுதுவாள், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குமுதா எழுதவில்லை. குரல் பதிவு அனுப்பினாள்.

"அக்கா, பூட்டு போடுறதக் காட்டுறது தப்புன்னு நான் சொல்லலைலா. அந்தச் சத்தத்துக்குப் பின்னால வயலின் போட்டிருக்காங்க பாருங்க, அதான். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அதுல வயலின் கிடையாது."

மறுநாள் முப்பத்தாறு பேர் வெளியேறினார்கள். பத்து வருடமாக நான் ஒவ்வொருத்தராகச் சேர்த்த குழு அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாந்தினி பினாங்குக்கு வருவதாக இருந்தது. பர்மா ரோட்டில் மண்டபம் பிடித்து, மாலைக்கும், சாப்பிட மீ கோரெங் நூடுல்ஸுக்கும் சொல்லி, எல்லாம் நானே அலைந்து செய்தேன். சனிக்கிழமை மத்தியானம் குமுதா கூப்பிட்டாள். காலை ரயிலில் பட்டர்வொர்த் வந்து ஃபெர்ரி ஏறிவிடுவாளாம். "ஒரே ஒரு கேள்விதான்க்கா. மரியாதையாத்தான் கேப்பேன்." வேண்டாம் என்றேன். இந்த ஒரு நாள் மட்டும் விட்டுவிடு என்று கெஞ்சக்கூடச் செய்தேன். "நீங்களே இப்படிச் சொன்னா எப்படிக்கா?" என்றாள். அந்தப் பேச்சு என்னை ரொம்பப் புண்படுத்தியது.

மோகனராஜ் நான்கு மாதத்துக்கு முன்பே எங்கள் குழுவின் ஃபேஸ்புக் பக்கத்துக்குச் செய்தி அனுப்பியிருந்தார். என் மனைவி உங்கள் குரூப்பில் இருக்கிறாளா, வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று. நான் பதில் போடவில்லை. நான்கு மாதம் போடவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சனிக்கிழமை, சர்ச்சில் மாலைப் பூசைக்குப் புறப்படும் முன் போட்டேன். அவர் போவார், இருவரும் பேசுவார்கள், அழுவார்கள், ஞாயிற்றுக்கிழமை கழிந்துவிடும் என்று நினைத்தேன். நான் நினைத்தது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும்தான். "தேங்ஸ் அக்கா, காட் ப்ளெஸ் யூ" என்று உடனே பதில் வந்தது. தன்மையான மனிதராகத்தான் தெரிந்தார்.

கூட்டம் நன்றாக நடந்தது. "குமுதா அக்கா வரலையா ஆன்ட்டி?" என்று கிளாரிஸ் வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஓவர்டைம் இருக்கும்லா" என்றேன். கடைசியில் சாந்தினி மைக்கை வாங்கினார். "கேள்வி இருந்தா கேளுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க, அதுக்குத்தான் வந்தேன்" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் லேசானது போல் இருந்தது. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை அவளுடன் வேலை செய்யும் ரோஹானா தேடிப்போயிருக்கிறாள். அறைக் கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்ததாம். உடைத்து உள்ளே போனது நீங்கள்தான், அதனால் மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் காலண்டரைச் சுருட்டிப் பிடித்திருந்தாள் என்றீர்கள். அடிக்க வந்தவனைத் தடுக்க அதுதான் கிடைத்திருக்கும், பாவம்.

அவளைத் தொட்டவர் மோகனராஜ். முகவரி கொடுத்தது நான். இரண்டையும் தனித்தனியாக எழுதுவீர்களா, ஒன்றாக எழுதுவீர்களா என்று தெரியவில்லை. எப்படி எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

எங்கள் செய்திகளை அச்செடுத்த இந்த இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறீர்கள். ஒன்று குமுதா எனக்கு அனுப்பியது, இன்னொன்று நான் அவருக்கு அனுப்பியது. ஆமாம், அதே முகவரிதான், அப்படியே எடுத்து ஒட்டினேன். அதன் கீழே அவள் எழுதியிருந்த வரியை மட்டும் எடுத்துவிட்டேன். "யாருக்கும் கொடுத்துடாதீங்கக்கா, அவருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு."

ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கிறீர்கள். அதை அப்படியே அனுப்பியிருந்தால் அவர் மனம் புண்பட்டிருக்கும் இன்ஸ்பெக்டர்.