நிற்காத படம்

நான் அதிகம் டிவி பார்க்கிறவன் இல்லை, ஐயா. படம் நிற்காமல் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஓடும் படத்தில் யார் அழுகிறார்கள் என்பது என் இலாகா இல்லை.

எங்கள் சேனலின் நேரலையை மக்களின் ஃபோன்களுக்குக் கொண்டுபோக முன்பு வெளி கம்பெனி ஒன்று இருந்தது. நாமே செய்துகொள்ளலாம் என்று மேலதிகாரியின் காதைக் கடித்தவன் நான். ஊருக்கு ஒரு சர்வர் வைத்தேன். தலைமை நிலையத்திலிருந்து வரும் வீடியோவை அது பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுக்கும். என் மனைவி அதைச் சக்களத்தி என்பாள்.

அன்று பேய்மழை. எல்லோரும் நேரலையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆற்றோர ஊரின் சர்வருக்கு மூச்சு முட்டியது. மேலதிகாரி என் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஒரு தடவை படம் நின்னாலும் பழைய கம்பெனியையே கூப்பிட்டுருவேன்" என்றார். மனிதர் வாயில் நல்ல வார்த்தையே வராது.

அதனால் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். புது வீடியோ வந்து சேராவிட்டால், கையிருப்பில் இருக்கும் காலைச் செய்தியையே திரும்பத் திரும்பக் கொடு என்று அந்த சர்வருக்குச் சொல்லிவைத்தேன். படம் நிற்கவில்லை. மூலையில் 'நேரலை' என்ற சிவப்பு எழுத்துகூட அப்படியே இருந்தது. மேலதிகாரி முதல்முறையாக என் தோளைத் தட்டினார்.

காலைச் செய்தியில், அணையைத் திறக்கும் எண்ணமே இல்லை என்று செய்தி வாசிக்கும் பெண் சிரித்த முகமாகச் சொல்வாள். என் முன்னால் இருந்த திரையில், தலைமை நிலையத்திலிருந்து வந்த அசல் நேரலையில், அதே பெண், அணையைத் திறந்துவிட்டார்கள், உடனே வெளியேறுங்கள் என்று தொண்டை கட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆற்றோர ஊரில்தான் என் தங்கை இருந்தாள். ஃபோன் செய்தாள்.

"அண்ணா, அணையைத் தொறந்துட்டாங்கன்னு பக்கத்து வீட்டுல மூட்டை கட்டுறாங்க. உங்க சேனல்ல தொறக்கலன்னுதானே சொல்றாங்க? இவருக்கு வேற காய்ச்சல். கிளம்பவா, வேண்டாமா?"

மேலதிகாரி பக்கத்திலேயே நின்றார். எனக்குப் பொய் சொல்ல வராது, ஐயா.

"படம் நிக்காம வருதா?"

"கண்ணாடி மாதிரி வருதுண்ணா."

"அப்புறம் என்ன, அதைப் பாரு."

பார்த்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்களும் மூட்டையைப் பிரித்துவிட்டார்களாம்.

கொலைகாரன் என்கிறீர்கள். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். ஆனால் அதற்குக் கீழே இதையும் எழுதுங்கள்: தண்ணீர் உள்ளே வரும்வரை என் தங்கைக்குப் படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.