காளான் வாடைதான், மாப்ள

உங்கள் விசாரணை அறையில் பினாயில் வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. குறை சொல்லவில்லை. வாசனையைப் பிரித்துப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில்.

மண்ணுக்கடியில் விளையும் ட்ரஃபிள் காளானில் பல இனங்கள் உண்டு. பார்வைக்கு எல்லாம் கறுப்பு உருண்டை. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு துண்டைக் குப்பியில் அடைத்து லேசாகச் சூடேற்றுவோம். எழும் வாசனையைக் கருவி கூறு கூறாகப் பிரித்து வரைபடமாகத் தரும். அதைப் பார்த்து இன்ன இனம் என்று நான் கையெழுத்துப் போட்டால், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

தங்கையின் கணவர் காளான் வியாபாரி. மலிவான இனத்தில் செயற்கை வாசனையைத் தெளித்து உசத்தி இனம் என்று தள்ளிவிட்டார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். "எங்க மச்சான் மோந்து பார்த்த சரக்கு" என்று என் பேரைச் சொல்லி விற்றார். கேட்டதற்குச் சிரித்தார்.

"எல்லாம் ஒரே வாடைதான் மச்சான். யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?"

தங்கையிடம் முறையிட்டேன். "நீயே பக்குவமா சொல்லுண்ணா. உன் பேச்சுன்னா அவருக்கு வேதவாக்கு" என்றாள்.

சொல்வதைவிடச் சோதனை வைப்பதே நியாயம் என்று பட்டது. சமையல் கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று கந்தக வாடை சேர்க்கிறார்கள். ட்ரஃபிள் வாசனையிலும் கந்தகம் உண்டு. இரண்டும் பங்காளிகள், முகஜாடை இருக்கும். காளான் கூடைகள் நிறைந்த அவருடைய கிடங்கில், காபி போடும் அடுப்பின் குழாயைக் கொஞ்சம் தளர்த்திவைத்தேன். குளிராக இருந்ததால் ஜன்னலையும் சாத்தினேன். தொழில் தெரிந்தவர் மூக்கு கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால் அது என் குற்றமா?

கிடங்கு தீயில் போனது. அவரும் போனார். "அவருக்கு எப்படிண்ணா வாடை தெரியாம போச்சு?" என்று தங்கை அழுதாள். "மாப்ளைக்கு மூக்கு போதாதும்மா" என்று ஆறுதல் சொன்னேன்.

முழுவதும் சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன். நான் கிளம்பும்போது அவர் மூக்கை உறிஞ்சினார்.

"மச்சான், இது காளான் இல்ல. கேஸ் வாடை."

விடை சரிதான்.

"காளான் வாடைதான், மாப்ள" என்றேன்.

"நீங்க சொன்னா சரி. இருங்க, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போகலாம்."

வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ரிப்போர்ட்டிலும் நான் பொய் எழுதியதில்லை. அன்றைக்கும் எழுதவில்லை, வாயால்தான் சொன்னேன்.