இறங்கு வரி

கப்பலில் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. இல்லாவிட்டால் எதிலும் குறை காண்கிற ஆள் இவன் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். காலையில் இட்லிகூடப் போட்டார்கள். கொஞ்சம் கெட்டியாக இருந்தது, ஆனால் நடுக்கடலில் இட்லி கிடைப்பதே பெரிது.

என் பெயர் வீராசாமி. சொந்த ஊர் திருப்புட்குழி. இருபத்து நான்கு வருஷமாகக் காஞ்சிபுரத்தில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிறேன். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் குனிந்தே காலத்தைக் கழித்தவர். நான் காக்கிச் சட்டை போட்டு, சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து, யார் வீட்டு வாசலிலும் மணி அடித்துக் கூப்பிடுகிறவன். மழையோ கருடசேவைக் கூட்டமோ, என் கையில் ஒரு தந்தி தாமதமானதில்லை. தாமதமானது ஒன்றே ஒன்று. அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எனக்கு ஒரே மகள், பூவம்மாள். பினாங்கில் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையனுக்குக் கட்டிக் கொடுத்தோம். போனவள் ஐந்து வருஷம் திரும்பவில்லை. பேரனைப் போட்டோவில்தான் பார்த்தோம். என் மனைவி பட்டம்மாள் அந்தப் போட்டோவுக்குத் திருஷ்டி கழிப்பாள்.

அந்தச் சமயத்தில், எழுபத்து மூன்று தையில், கோதண்டபாணி நோட்டீஸ் போட்டார். தென்னேரிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். காசிக்கும் ராமேசுவரத்துக்கும் ஆள் சேர்த்து அழைத்துப் போய் நல்ல பெயர் எடுத்தவர். நோட்டீஸில் இப்படி இருந்தது: ‘கப்பலில் உல்லாசப் பயணம். பினாங்கு, சிங்கப்பூர் கண்டு திரும்பலாம். சகலமும் அடக்கம்.’ அந்த ‘சகலமும் அடக்கம்’ என்ற இரண்டு வார்த்தையை நான் எத்தனை தரம் படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பி.எஃப். பணத்தில் கடன் போட்டேன். பட்டம்மாளின் வளையல்கள் போயின. இரண்டு பேருக்கும் பணம் கட்டிவிட்டு, பூவம்மாளுக்குக் கடிதம் எழுதினேன். அரக்கு நிறக் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு படகுத்துறையில் நிற்கிறேன், தூரத்திலேயே தெரியும் என்று பதில் எழுதினாள்.

சென்னைத் துறைமுகத்திலேயே ஆரம்பித்துவிட்டது. அம்மை குத்திய சான்றுக்கு முத்திரைக் கட்டணம் என்றார்கள். கப்பல் ஏறினதும் கம்பளிக்கு வாடகை, சாய்வு நாற்காலிக்கு வாடகை. வெந்நீருக்குக்கூடக் காசு. ஒவ்வொரு தரமும் கோதண்டபாணி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார்.

“நான் இன்னா செய்யட்டும்பா? கப்பல்காரன் கேக்கறான். நம்ம ஊர்ல பட்டுக்கு மகமை வெக்கறாங்களே, அந்த மாதிரி நெனச்சிக்கோ” என்பார்.

எங்கள் ஊரில் பட்டு விற்றால் கோயிலுக்கென்று சிறு தொகை தனியாக எடுத்துவைப்பார்கள். அதுதான் மகமை. அது காமாட்சிக்குப் போகிறது. இது எந்த அம்மனுக்குப் போயிற்று என்று நான் கேட்டேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பினாங்கில் கப்பல் கரைக்கு வரவில்லை. துறையில் இடம் இல்லையாம். சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு, காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு வரை நிற்கும் என்றார்கள். இறங்குகிறவர்கள் படகில் போக வேண்டும். அப்போதுதான் கோதண்டபாணி சொன்னார், தலைக்கு நாற்பது ரூபாய் என்று. அந்த ஊர் அரசாங்கத்துக்கு இறங்கு வரியும் படகுக் கூலியும் சேர்த்து.

“நோட்டீஸ்ல சகலமும் அடக்கம்னு போட்டுக்கீறீங்களே” என்றேன்.

“எனக்கே நேத்துதான்பா சொன்னாங்க. ரசீது குடுக்கறாங்க, வேணா நீயே பாரு. பொண்ணு வந்து நிக்குமே, கட்டிட்டு எறங்குபா.”

நான் கட்டவில்லை. எல்லோரும் படகில் இறங்கிப் போனார்கள். நானும் பட்டம்மாளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கரையில் எறும்பு மாதிரி ஆட்கள். அதில் ஒரு அரக்குப் புள்ளி. பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி. நான் துண்டை எடுத்து வீசினேன். அவளும் எதையோ வீசின மாதிரி இருந்தது. மதியம் வரை நின்றாள். பிறகு வெயிலில் உட்கார்ந்துவிட்டாள். மாலையில் கோதண்டபாணி திரும்பி வந்தபோது ஒரு தூக்குச் சட்டியைக் கொண்டுவந்தார். பூவம்மாள் கொடுத்தனுப்பிய அதிரசம். அதைச் சுமந்து வந்ததற்கு அவர் கூலி கேட்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதே வருஷம் ஐப்பசியில் பூவம்மாள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அந்தத் தந்தி என் விலாசத்துக்கு வந்தது. என் பகுதிக்கு நான்தானே ஆள். கொண்டுவந்தவன் என்ற இடத்திலும் கையெழுத்துப் போட்டேன், பெற்றுக்கொண்டவன் என்ற இடத்திலும் போட்டேன். பிறகு வீட்டுக்குப் போய்ப் பட்டம்மாளிடம் சொன்னேன். கோதண்டபாணி துக்கம் கேட்க வந்தார், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பு, ஐயா, அதற்குப் பிறகு ஒரு நாள்கூடக் குறையவில்லை. அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்.

நான் அவசரப்படவில்லை. ஒன்றரை வருஷம் பொறுத்தேன். எல்லோர் வீட்டுக்கும் என்றாவது தந்தி வரும் என்பது என் உத்தியோகம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி, காலை எட்டு மணிக்கு வந்தது. வேலூரிலிருந்து கோதண்டபாணிக்கு, அவருடைய மருமகன் கொடுத்தது. ‘காந்தா சீரியஸ். பிளட் ரிக்வயர்டு. ஸ்டார்ட் இம்மீடியட்லி.’ காந்தா அவருடைய மகள், தலைப்பிரசவம். எனக்கு இங்கிலீஷ் வராது, ‘பிளட்’ என்றால் என்னவென்று தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். எனக்குத் தெரியும். இருபத்து நான்கு வருஷத்தில் அந்த மாதிரிச் சொற்கள் எல்லாம் தெரிந்துவிடும்.

பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு மேலும் ஐந்து தந்திகள். ஐந்தையும் உடனுக்குடன் கொடுத்தேன். ஒரு ஜவுளிக் கடைக்காரர் நாலணா இனாம் கொடுத்தார். கோதண்டபாணியின் தந்திக்கு நேராக, ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதினேன். அவர் மனைவி பெரியநாயகி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அந்தத் தெருவழியாக இரண்டு தரம் போனேன்.

பதினொரு மணிக்கு டீக்கடையில் என்னைத் தேடிக்கொண்டு கோதண்டபாணியே வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“வீராசாமி, நமக்கு எதனா வந்துக்கீதாபா?”

“இல்லீங்களே.”

“காந்தாவ வேலூர்ல சேத்துக்கீறாங்க. மாப்ள தந்தி குடுக்கறேன்னாரு. நானே பொறப்பட்டுப் போலாம்னா, சேதி வரட்டும், நல்ல சேதி வரச்சே நீங்க வூட்ல இருங்கன்றா இவ. காலைலருந்து ரோட்டயே பாத்துக்கினு கீறோம்.”

“வந்தா மொதல்ல உங்க வூட்டுக்குத்தாங்க வருவேன்.”

“பேரப்புள்ளைன்னு சேதி கொண்டாந்தேன்னா, உனக்கும் பட்டம்மாளுக்கும் புதுத் துணி எடுத்துத் தரேம்பா” என்றார். என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். தந்தி என் இடுப்பருகே, பைக்குள் இருந்தது. அவர் நீட்டிய கை தொட்டுவிடும் தூரம். அப்போது எடுத்துக் கொடுத்திருந்தால் பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்து, ஒன்றரைக்கு வேலூரில் இருந்திருப்பார். இதை நான் அங்கேயே மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டீயைக் குடித்து முடித்தேன்.

சரியாக நான்கு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எட்டு மணி நேரம். ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் என்னிடம் எடுத்துக்கொண்டதுதான் அது. நான் கூடுதலாக எதுவும் வசூலிக்கவில்லை. அவர் செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

நாலரைக்கு இரண்டாவது தந்தி வந்தது. மூன்றேகாலுக்கே காந்தா இறந்துவிட்டாளாம். குழந்தை இருக்கிறது, பெண் குழந்தை. காந்தாவுக்கு அவள் தகப்பன் ரத்தம் ஒத்துப்போகும் என்று டாக்டர் மதியம் வரை காத்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். இந்தத் தந்தியை நான் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் பெரியநாயகியின் கையில் கொடுத்தேன்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறாய், யாரும் புகார் கொடுக்கவில்லையே என்று கேட்டீர்கள். அதுதான் ஐயா சங்கடம். கோதண்டபாணி என் மேல் சந்தேகமே படவில்லை. தந்தி தாமதமானது விதி என்கிறார். போன வாரம் கடைத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீயும் பொண்ண வாரிக் குடுத்தவன், உனக்குத்தாம்பா தெரியும்” என்று அழுதார். அவருக்குத் தெரியாமலே போய்விட்டால் நான் செய்தது வீண். ஆகையால் நீங்கள் எழுதிக்கொள்வதை அவரை எதிரில் உட்காரவைத்து வாசித்துக் காட்ட வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டீர்கள். அன்றைக்குப் பினாங்கில் உன் கையில் பணமே இல்லையா என்று. இருந்தது. இடுப்பில் இருநூறு ரூபாய் இருந்தது. டிரான்சிஸ்டர் வாங்குவதற்கென்று வைத்திருந்தது. “ரேடியோ கெடக்குதுய்யா. எனக்கு ஒருத்திக்காவது கட்டு, நான் போய் அதும் மூஞ்சப் பாத்துட்டு வந்துடறேன்” என்று பட்டம்மாள் காலைப் பிடித்தாள். விஷயம் பணம் இல்லை, நியாயம் என்று அவளுக்கு விளக்கினேன். அவளுக்குப் புரியவில்லை. சிங்கப்பூரிலும் அதே நாற்பது ரூபாய் வரிதான். அங்கே கட்டினேன். இறங்காமல் டிரான்சிஸ்டர் எப்படி வாங்குவது? நல்ல செட், இன்றைக்கும் கரகரப்பே இல்லை. அது பாடினால் பட்டம்மாள் மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

அன்றைக்குக் கோதண்டபாணி இன்னும் ஒரே ஒரு தரம் வற்புறுத்தியிருந்தால் நான் கட்டியிருப்பேன். அவர் வற்புறுத்தவில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஐயா, இரண்டு பெண்களையும் கொன்றது அவர்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.